கோட்டை மானும் துறைமுகப் பூனையும்: பரம்பரையலகு மீடிறன் மாறாமல் நிற்பதை எண்ணிக் கணித்துச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சிவப்பு ஆட்சியுடையது, வெள்ளை பின்னிடைவானது என்றால் நாலைந்து தலைமுறைக்குள் வெள்ளை அற்றுப் போய்விடாதா?" உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே ஒருமுறையாவது கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி. ஒரு நூற்றாண்டுக்கு முன் மரபியலாளர்களையே இது தடுமாற வைத்தது. கேம்பிரிட்ஜில் இருந்த புனெற் இதைக் கணிதவியலாளர் ஹாடியிடம் கொண்டுபோனார். ஹாடி 1908 ஜூலையில் சயன்ஸ் இதழில் ஒரு சின்னக் கடிதமாக விடையை எழுதினார். அதே ஆண்டு ஜனவரியிலேயே ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வைன்பேர்க் அதே விடையை ஒரு கூட்டத்தில் சொல்லியிருந்தார். அது ஜேர்மன் மொழியில் இருந்ததால் 1943இல் கேர்ட் ஸ்டேர்ன் எடுத்துக்காட்டும்வரை பலர் கண்ணில் படவில்லை. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துத்தான் இன்று ஹாடி-வைன்பேர்க் சமநிலை என்கிறோம்.

விடை இதுதான்: ஆட்சியுடைமைக்கும் பெருகுவதற்கும் தொடர்பில்லை. ஆட்சியுடைமை என்பது எந்த எதிருரு வெளியே தெரியும் என்பதைப் பற்றியது. எது அடுத்த சந்ததிக்குக் கூடுதலாகப் போகும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஒன்றும் குறுக்கிடாவிட்டால் மீடிறன், அதாவது மொத்தத்தில் ஒரு எதிருருவின் பங்கு, நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த "ஒன்றும் குறுக்கிடாவிட்டால்" என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, குறுக்கிடுவது எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தச் சமநிலை பயன்படுகிறது. சமன்பாட்டை மனப்பாடம் செய்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

எழுத்தும் சொல்லும்

எதிருரு என்பது ஒரே பரம்பரையலகின் வேறுபட்ட வடிவம். ஒரே எதிருரு இரண்டு சேர்ந்தால் ஓரினநுகம்; வெவ்வேறு இரண்டு சேர்ந்தால் இதரநுகம். குடித்தொகை என்பது தங்களுக்குள் இனம்பெருக்கும் கூட்டம். "திருகோணமலையில் உள்ள மான் எல்லாம்" என்று வாயால் சொல்லிவிட்டால் அது ஒரே குடித்தொகை ஆகிவிடாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்பவையும் காட்டில் நிற்பவையும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம்.

பாடநூலில் பீ, கியூ என்று வரும் இரண்டு மீடிறன்களையும் இங்கே ப, க என்று எழுதுகிறோம். ஆட்சியுடைய எதிருருவின் மீடிறன் ப, மற்றதன் மீடிறன் க. ப + க = 1.

முதலில் கையால் செய்து பாருங்கள்

தேவையானவை: 100 புளியங்கொட்டை, இரண்டு நிற நகப்பூச்சு, உள்ளே தெரியாத ஒரு துணிப்பை, கொப்பி, பென்சில்.

கொட்டைகளைப் பசை போகக் கழுவி ஒருநாள் வெயிலில் காயவிடுங்கள். புளி ஒட்டியிருந்தால் இரண்டு கொட்டை சேர்ந்து வரும். அப்போதே கணக்கு பிழைத்துவிடும். 60 கொட்டைக்குச் சிவப்பும் 40க்கு வெள்ளையும் பூசுங்கள். வெள்ளைக்கு மட்டும் பூசிவிட்டு மற்றதை அப்படியே விடக்கூடாது. பூசிய கொட்டை கைக்கு வேறுவிதமாகப் படும், விரல் தன்னை அறியாமலே தெரிவு செய்யும். பயறும் கௌபியும் போலப் பருமன் வித்தியாசமான விதைகள் சரிவராததும் இதனால்தான். நமது உப்புக்காற்றில் பூச்சு காய நேரம் எடுக்கும். ஒரு இரவு பரத்தி விட்டுவிட்டுப் பைக்குள் போடுங்கள்.

1. பையைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு கொட்டை எடுங்கள். நிறத்தைக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

2. மறுபடி குலுக்கி இரண்டாவதை எடுத்துக் குறித்து, அதையும் திரும்பப் போடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு விலங்கு: ஒன்று தாயிடமிருந்து, மற்றது தகப்பனிடமிருந்து வந்த புணரி (இனப்பெருக்கக் கலம்).

3. இப்படி 50 விலங்குகளை உருவாக்குங்கள். சிவப்பு-சிவப்பு, சிவப்பு-வெள்ளை, வெள்ளை-வெள்ளை என்று மூன்று நிரலில் கோடு போட்டு எண்ணுங்கள். வெள்ளை-சிவப்பு என்ற ஒழுங்கில் வந்தாலும் நடு நிரலில்தான் சேரும்.

4. புதிய ப = (2 × சிவப்பு-சிவப்பு + சிவப்பு-வெள்ளை) ÷ 100.

5. பையை அந்தப் புதிய அளவுக்கு மாற்றுங்கள். ப 0.57 என்று வந்தால் 57 சிவப்பு, 43 வெள்ளை. மாற்றி வைக்க உதிரியாக ஒவ்வொரு நிறத்திலும் இருபது முப்பது கொட்டை பூசி வைத்திருப்பது நல்லது.

6. ஐந்து சந்ததிக்குத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் சந்ததியில் எதிர்பார்ப்பது 18, 24, 8. அச்சொட்டாக அப்படி வராது. 100 கொட்டை எடுக்கும்போது மீடிறனின் நியம விலகல் (0.6 × 0.4 ÷ 100) என்பதன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 0.05. ஆகவே 0.55க்கும் 0.65க்கும் இடையில் மூன்று தடவையில் இரண்டு தடவை விழும். 0.57 வந்ததும் "பிழைத்துவிட்டது" என்று அழித்துவிட்டு 0.60 என்று எழுதும் பழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அழிக்காதீர்கள். அந்த ஆட்டம்தான் பின்னால் வரும் பாடம்.

ஏன் நிற்கிறது

ப அளவு சிவப்புப் புணரியும் க அளவு வெள்ளைப் புணரியும் கலந்த ஒரு பெரிய பாத்திரம். இரண்டை எழுமாறாக எடுத்தால் இரண்டும் சிவப்பாக வர வாய்ப்பு ப². இரண்டும் வெள்ளையாக வர க². ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்பதற்கு இரண்டு வழி உண்டு, ஆகவே 2பக.

ப² + 2பக + க² = 1

அடுத்த சந்ததியில் சிவப்பு எவ்வளவு? சிவப்பு-சிவப்பு விலங்கின் புணரி எல்லாம் சிவப்பு. கலப்பு விலங்கின் புணரியில் பாதி. ஆகவே ப² + பக = ப(ப + க) = ப. அவ்வளவுதான். வந்த இடத்துக்கே வந்துவிட்டோம். இந்த வரியில் "ஆட்சியுடைய" என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த நிலைக்கு வர ஒரே ஒரு சந்ததி எழுமாற்றுச் சேர்க்கை போதும். எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள பரம்பரையலகுக்கு மட்டும் அப்படியில்லை. ஆணுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும் வருவதால், ஆண்களின் மீடிறன் எப்போதும் முந்திய சந்ததிப் பெண்களின் மீடிறன்தான். தகப்பன்மார் எல்லாம் 1, தாய்மார் எல்லாம் 0 என்று தொடங்கினால் அடுத்த சந்ததி ஆண் 0, பெண் 0.5, அதற்கடுத்தது ஆண் 0.5, பெண் 0.25, பிறகு ஆண் 0.25, பெண் 0.375. இப்படி ஒவ்வொரு சந்ததியிலும் இடைவெளி பாதியாகக் குறைந்து, ஆடி ஆடி மூன்றில் ஒன்றில் போய் நிற்கும்.

துறைமுகத்தில் பூனை எண்ணுதல்

உண்மையான உயிர்களில் செய்து பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலோ நகரத்து மீன்சந்தையிலோ விடியக் காலை மீன் இறங்கும் நேரத்துக்குப் போனால் பூனைகள் தாமாகவே வந்து கூடும்.

பூனையின் மஞ்சள் நிறத்துக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதான்: மஞ்சள், அல்லது மஞ்சளில்லை. பெண்ணுக்கு இரண்டு. இரண்டும் மஞ்சள் எதிருரு என்றால் மஞ்சள் பூனை. இரண்டும் மற்றது என்றால் கறுப்பு அல்லது சாம்பல் வரிப் பூனை. ஒவ்வொன்று என்றால் கறுப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக வரும். வெள்ளைத் திட்டும் சேர்ந்திருந்தால் அதைத்தான் முக்கலர் பூனை என்கிறோம். பெண் பூனையில் மூன்று பிறப்புரிமையமைப்பும் (எதிருருச் சோடியும்) கண்ணுக்கே தெரிவதுதான் இதன் சிறப்பு. இதரநுகத்தை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணலாம்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை பல. உடல் முழுக்க வெள்ளையான பூனையைச் சேர்க்காதீர்கள். வேறொரு பரம்பரையலகு நிறத்தை மூடிவிட்டிருக்கும், அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. குட்டிகளையும் விடுங்கள். ஒரு தாயின் நாலு குட்டி நாலு சுயாதீனமான எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு பூனையையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்; ஒரே கறுப்புப் பூனையை மூன்றுதரம் எண்ணுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. முக்கலர் பூனையைத் தூரத்தில் கண்டதுமே "பெண்" என்று எழுதிவிடலாம். ஆண் முக்கலர் மிக அரிது. கறுப்பையும் மஞ்சளையும் வாலுக்குக் கீழே பார்த்தால்தான் ஆணா பெண்ணா என்று தெரியும். பார்க்க முடியாத கறுப்பையும் மஞ்சளையும் விட்டுவிட்டு, தூரத்தில் கண்ட முக்கலரை மட்டும் சேர்த்துக்கொண்டால் இதரநுகம் உண்மையில் உள்ளதைவிடக் கூடிப்போய்த் தெரியும். வழி ஒன்றுதான்: வாலுக்குக் கீழே பார்த்து உறுதிசெய்ய முடிந்த பூனையை மட்டும் எண்ணுங்கள், அது முக்கலராக இருந்தாலும் சரி.

பயிற்சிக்காக ஒரு கணக்கு. 60 பெண் பூனை: கறுப்பு 30, கலப்பு 24, மஞ்சள் 6. மஞ்சள் எதிருருவின் மீடிறன் க = (2 × 6 + 24) ÷ 120 = 0.30. ஆகவே ப = 0.70. எதிர்பார்ப்பு: கறுப்பு 0.49 × 60 = 29.4, கலப்பு 0.42 × 60 = 25.2, மஞ்சள் 0.09 × 60 = 5.4. கண்டதும் எதிர்பார்த்ததும் நெருங்கி நிற்கின்றன. ஆண் பூனைகளில் நூற்றுக்கு 30 அளவில் மஞ்சளாக இருக்க வேண்டும், 40 ஆண் பூனையில் 13 மஞ்சள் வந்தால் (0.325) அதுவும் பொருந்துகிறது. பெண்ணில் பார்த்த மீடிறனை ஆணில் ஒத்துப்பார்க்கக் கிடைப்பது இந்தப் பரம்பரையலகு தரும் இலவச உதவி.

ஆட்சியுடைமை மறைக்கும்போது

இதரநுகத்தைக் கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் பின்னிடைவான தோற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆர்எச் மறை இரத்தம் நூறு பேரில் 5 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம்.

க² = 0.05. க = 0.2236. ப = 0.7764. காவிகள் 2பக = 0.347. நூறு பேரில் 5 பேரிடம் மட்டும் வெளியே தெரியும் எதிருருவை இன்னும் 35 பேர் உள்ளே சுமக்கிறார்கள்.

பரீட்சையில் புள்ளி போகும் இடங்கள் மூன்று. முதலாவது, 0.05ஐயே க என்று எழுதுவது. அது க². இரண்டாவது, 0.95க்கு வர்க்கமூலம் எடுத்து ப என்பது, அந்த 0.95க்குள் ப²உம் 2பகவும் கலந்திருக்கின்றன, பிரிக்காமல் மூலம் எடுக்க முடியாது. மூன்றாவது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. "குடித்தொகையில் காவிகள் எத்தனை வீதம்" என்றால் 34.7. "ஆர்எச் நேர் உள்ளவர்களில் காவிகள் எத்தனை வீதம்" என்றால் 0.347 ÷ 0.95, அதாவது 36.5. இடையில் க 0.2236ஐ 0.2 என்று மட்டம்தட்டினால் காவிகள் 0.32 ஆகிவிடும். மட்டம்தட்டுவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. இந்த முறையில் சமநிலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் வர்க்கமூலமே எடுத்தோம். அப்படிக் கிடைத்த ப, கவைத் திரும்பப் போட்டு, "0.603 + 0.347 + 0.05 = 1, எனவே சமநிலை நிரூபணமானது" என்று எழுதினால் அது வட்டத்தில் ஓடுவது. எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் கூட்டுத்தொகை 1தான் வரும். சமநிலையைச் சோதிக்க வேண்டுமென்றால் மூன்று பிறப்புரிமையமைப்பையும் தனித்தனியே எண்ண முடியவேண்டும்.

சோதிப்பது எப்படி

அதற்கு எம்என் குருதி இனம் வசதியானது. 1927இல் லான்ட்ஸ்டைனரும் லெவைனும் கண்டது. எம், என் இரண்டும் இணையாட்சி, அதாவது சேர்ந்து வந்தால் இரண்டுமே வெளியே தெரியும். ஆனால் இரத்ததான முகாமில் வழமையாகப் பார்ப்பது ஏபிஓவும் ஆர்எச்சும்தான்; எம்என் பார்க்க வேறு சீரம் வேண்டும். ஆகவே கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்த எண்கள்.

200 பேரில் எம்எம் 63, எம்என் 84, என்என் 53.

எம் மீடிறன் = (126 + 84) ÷ 400 = 0.525. என் மீடிறன் 0.475.

எதிர்பார்ப்பு: எம்எம் 55.125; எம்என் 99.75, என்என் 45.125. இவற்றை முழு எண்ணாக்க வேண்டாம், "99.75 பேர் எப்படி இருக்க முடியும்" என்று நினைத்துத் திருத்துவது இன்னொரு வழமையான பிழை.

ஒவ்வொன்றுக்கும் (கண்டது − எதிர்பார்த்தது)² ÷ எதிர்பார்த்தது: 1.125, 2.487, 1.374. கூட்டினால் கை வர்க்கம் 4.99. கண்டது எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்பதற்கான அளவு இது.

இப்போது கை வர்க்க அட்டவணையில் எந்த வரியைப் பார்ப்பது? மூன்று வகுப்பு, அதிலிருந்து ஒன்று கழித்தால் 2, ஆகவே 5.99உடன் ஒப்பிட்டு "சமநிலையில் உண்டு" என்று பலர் முடித்துவிடுவார்கள். பிழை. மீடிறனை இதே தரவிலிருந்துதான் எடுத்தோம். அதற்காக இன்னொன்று கழிக்க வேண்டும். சுயாதீனப் படி, அதாவது அட்டவணையில் பார்க்க வேண்டிய வரி, 3 − 1 − 1 = 1. அதற்கான 5 வீத எல்லை 3.84. நமது 4.99 அதைத் தாண்டுகிறது. சமநிலை இல்லை. ஒரே ஒரு கழித்தல் விடுபட்டதால் முடிவே தலைகீழாகிறது. ஆர்எச் போலத் தோற்றம் இரண்டுதான் தெரியும் என்றால் 2 − 1 − 1 = 0. சோதிக்க ஒன்றுமே மிச்சமில்லை. மேலே சொன்ன வட்டத்துக்கு இதுதான் கணித வடிவம்.

எதிர்பார்ப்பு 5க்குக் குறையும் வகுப்பு இருந்தால் கை வர்க்கத்தை நம்பக்கூடாது. வீதத்தைப் போட்டுக் கணிப்பதும் கூடாது. ஆட்களின் எண்ணிக்கையைத்தான் போட வேண்டும். 200 பேரின் தரவை வீதமாக்கிப் போட்டால் கை வர்க்கம் பாதியாகிவிடும்.

சரி, ஏன் எம்என் குறைந்தது? உடனே "இயற்கைத் தேர்வு" என்று எழுதாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது மாதிரி எடுத்த விதம். திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறோம். கலியாணம் பெரும்பாலும் அவரவருக்குள். நகரம், கிண்ணியா, மூதூர் எல்லா இடத்துத் தரவையும் ஒரே கூடையில் கொட்டினால் என்ன ஆகும்? வித்தியாசம் பளிச்சென்று தெரிய மிகைப்படுத்திய எண்களால் பார்ப்போம். ஒரு வட்டத்தில் ப 0.8: நூறு பேரில் 64, 32, 4. இன்னொரு வட்டத்தில் ப 0.2: 4, 32, 64. தனித்தனியே இரண்டும் அச்சொட்டான சமநிலை. சேர்த்தால் 68, 64, 68. ப இப்போது 0.5, எதிர்பார்ப்பு 50, 100, 50. இதரநுகத்தில் 36 பேரைக் காணோம், கை வர்க்கம் 25.92. யாரும் சாகவில்லை, யாரையும் இயற்கை தெரிவு செய்யவில்லை. இரண்டு குடித்தொகையை ஒன்றென்று எடுத்ததுதான் காரணம். இதற்கு வாலுண்ட் விளைவு என்று பெயர். இதரநுகம் குறைந்து வரும் தரவைக் கண்டால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

குறுக்கிடுபவை

ஒரு எதிருரு இன்னொன்றாக மாறும் விகாரத்தை விரைவாகத் தாண்டிவிடலாம். ஒரு பரம்பரையலகுக்கு ஒரு சந்ததியில் லட்சத்தில் ஒன்று என்ற வீதத்தில் மாறினால், 1000 சந்ததி போனாலும் மீடிறன் நூற்றில் ஒரு பங்குதான் குறையும். புதிய எதிருருவைக் கொண்டுவருவது அதன் வேலை. மீடிறனைத் தள்ளும் பலம் அதற்குக் குறைவு.

சிறிய கூட்டத்தில் மீடிறன் தற்செயலாக ஆடும் தற்செயல் நகர்வு அப்படியல்ல. பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகும்போது பாதையோரம் நிற்கும் புள்ளிமான்களைப் பாருங்கள். ஒரு பக்கம் நகரம், மற்றப் பக்கங்களில் கடல். இப்படி ஒடுங்கிய இடத்து மந்தையில் எண்ணிக்கையைவிட முக்கியமானது எத்தனை மான் இனம்பெருக்குகிறது என்பது. 30 வளர்ந்த மான், அதில் கலைமான் (ஆண்) 3, பிணைமான் (பெண்) 27 என்று வைத்துக்கொள்வோம். பயன்படு அளவு = 4 × 3 × 27 ÷ 30 = 10.8. கண்ணுக்கு முப்பது, பரம்பரையலகுக் கணக்கில் பதினொன்று. ஒரு சந்ததியில் இழக்கும் இதரநுகத்தின் பங்கு 1 ÷ (2 × 10.8), அதாவது 4.6 வீதம். பத்துச் சந்ததியில் 62 வீதம்தான் மிஞ்சும். அந்த முப்பதும் 15 ஆண், 15 பெண்ணாகச் சமமாகப் பங்களித்திருந்தால் 84 வீதத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

புளியங்கொட்டையில் இதைப் பார்க்க, ஒவ்வொரு சந்ததிக்கும் 50க்குப் பதிலாக 5 விலங்கு மட்டும் எடுங்கள். நியம விலகல் 0.05இலிருந்து 0.155க்குத் தாவும். வகுப்பில் பத்துக் குழு தனித்தனியே பத்துச் சந்ததி செய்தால் சில பையில் ஒரே நிறம் மட்டும் மிஞ்சியிருக்கும். விடாமல் தொடர்ந்தால் சராசரியாக ஆறு பை முழுச் சிவப்பாகவும் நாலு பை முழு வெள்ளையாகவும் முடியும். தொடக்க மீடிறன் 0.6 என்பதுதான் சிவப்பு நிலைபெறும் வாய்ப்பும்.

வெளியிலிருந்து வருபவை எதிருருக்களைக் கொண்டுவரும் பரம்பரையலகுப் பாய்ச்சலுக்கு உதாரணம் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவு. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவு மாடப்புறா கூடுகட்டும் இடம். ஊர்களில் வளர்ப்பிலிருந்து தப்பிய புறாவும் அதே இனம்தான். சேர்ந்தால் குஞ்சு பொரிக்கும். ஒரு சந்ததியில் இனம்பெருக்குபவற்றில் நூற்றுக்கு 5 கரையிலிருந்து வந்தவை என்றால், தீவுக்கும் கரைக்கும் உள்ள மீடிறன் இடைவெளி ஒவ்வொரு சந்ததியிலும் 0.95ஆல் பெருக்கப்படும். பதினாலு சந்ததியில் இடைவெளி பாதி. கடல் குறுக்கே கிடந்தாலும் இவ்வளவு சிறிய வரவே போதும்.

எழுமாறில்லாச் சேர்க்கையில் பலர் குழம்புவார்கள். நம்மிடையே மாமன் மகள், மாமி மகன் என்று மச்சானும் மச்சாளும் முடிப்பது பழைய வழக்கம். இதனால் எதிருருவின் மீடிறன் மாறாது. மாறுவது பிறப்புரிமையமைப்பின் பங்கீடு. சொந்த மச்சாள் உறவில் பிள்ளைக்கு இரண்டு எதிருருவும் ஒரே மூதாதையிடமிருந்து வர வாய்ப்பு 1/16. அந்தப் பிள்ளை பின்னிடைவான நோயோடு பிறக்கும் வாய்ப்பு க² + பக/16. க 0.01 என்றால், உறவில்லாதவர்களுக்கு 0.0001, மச்சான் மச்சாளுக்கு ஏறத்தாழ 0.0007. ஏழு மடங்கு என்பது உண்மை. பத்தாயிரத்தில் ஏழு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் ஒரு குடும்பத்தை வீணாகப் பயமுறுத்துவோம், அல்லது வீணாகத் தைரியப்படுத்துவோம். அரிய நோய்க்குத்தான் மடங்கு கூடும்: க 0.2 என்றால் 0.04க்கு எதிராக 0.05, அதாவது ஒன்றேகால் மடங்குதான்.

இயற்கைத் தேர்வைப் பையிலேயே செய்யலாம்: வெள்ளை-வெள்ளை வந்தால் அந்த விலங்கை எறிந்துவிட்டு மீதியை மட்டும் எண்ணி, 100க்குப் பதிலாக மீதி விலங்குகளின் இருமடங்கால் பிரியுங்கள். வெள்ளையின் மீடிறன் 0.40, 0.286, 0.222, 0.182, 0.154 என்று இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. முதலில் வேகம், பிறகு நத்தை. ஏனென்றால் வெள்ளை குறையக் குறைய மிச்சமுள்ளவை இதரநுகத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. க 0.01இல் நிற்கும்போது நூறு வெள்ளை எதிருருவில் 99 காவிகளிடம் இருக்கும். அங்கிருந்து 0.005க்கு வர 100 சந்ததி வேண்டும். மனிதருக்குச் சந்ததிக்கு 25 ஆண்டு என்றால் 2500 ஆண்டு. பின்னிடைவான நோயுள்ளவர்களைப் பிள்ளை பெறவிடாமல் தடுத்து அந்த நோயை ஒழிக்கலாம் என்ற கொடுமையான கொள்கை, மனிதத்தன்மையை விட்டாலும் கணக்கிலேயே நிற்காது.

தேர்வே மீடிறனை நிலைநிறுத்தும் சந்தர்ப்பமும் உண்டு. மலேரியா உள்ள இடத்தில், பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் காவிக்குப் பாதுகாப்புக் கூட. இரண்டு எதிருருவும் தலசீமியா என்றால் கடும் நோய். இரண்டும் சாதாரணம் என்றால் மலேரியா. சாதாரண ஓரினநுகம் மலேரியாவால் 10 வீதம் பின்தங்குகிறது, தலசீமியா ஓரினநுகம் பிள்ளை பெறும் வயதுக்கு வருவதே இல்லை என்று வைத்தால், க = 0.1 ÷ (0.1 + 1) = 0.09 அளவில் நிற்கும். இதுவும் "நிலையாக நிற்பது"தான். ஆனால் ஹாடி-வைன்பேர்க் அல்ல. சமதரையில் வைத்த போளையைத் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும், அது ஹாடி-வைன்பேர்க். சட்டிக்குள் போட்ட போளையைத் தள்ளினால் உருண்டு அடிக்கே திரும்பி வரும், அது தலசீமியா. இலங்கையில் உள்நாட்டுத் தொற்றாகக் கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. உலர் வலயத்துக்காரரான நமக்குச் சட்டி உடைந்துவிட்டது. இனி அந்த எதிருரு மெதுவாக இறங்கும்: பத்துச் சந்ததியில் 0.09இலிருந்து 0.048க்கு. சிகிச்சையால் நோயாளிகள் வாழ்ந்து பிள்ளை பெறும்போது இன்னும் மெதுவாக. அதுவரை கலியாணத்துக்கு முன் காவிப் பரிசோதனை செய்வதற்கு மாற்று இல்லை.

அடுத்த ஆண்டு திரும்பப் போங்கள்

மீடிறன் நிற்கிறதா என்று ஒருமுறை எண்ணிச் சொல்ல முடியாது. ஒருமுறை எண்ணினால் தெரிவது பிறப்புரிமையமைப்புகளின் பங்கீடு சரியா என்பது மட்டும். அதே துறைமுகம், அதே மாதம், அதே நேரம், அதே விதிமுறையில் மறுபடி எண்ண வேண்டும். இடையில் கருத்தடை முகாம் நடந்ததா, யாராவது மஞ்சள் குட்டியாகப் பார்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்களா என்று மீன் வெட்டுபவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

60 பெண் பூனையில் க 0.30 என்றால் அதன் நியம வழு (0.7 × 0.3 ÷ 120) என்பதன் வர்க்கமூலம், 0.042. இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்துக்கு 0.059. ஆகவே அடுத்த ஆண்டு 0.36 வந்தாலும் "மஞ்சள் கூடிவிட்டது" என்று எழுத முடியாது, வித்தியாசம் 0.12ஐத் தாண்டினால்தான் பேசலாம். அந்த எல்லையைப் பாதியாக்க வேண்டுமென்றால் இரண்டு ஆண்டும் 240 பெண் பூனை வேண்டும். ஒரு துறைமுகத்தில் அவ்வளவு கிடைக்காது. மூதூரிலும் உப்புவெளியிலும் எண்ணி ஒன்றாகக் கூட்டிவிடலாம் என்று தோன்றினால், அதற்கு முன் ஒவ்வொரு இடத்தின் மீடிறனையும் தனித்தனியே கணித்துப் பாருங்கள்.